இரும்பு ரிங் போட்ட படலம்

உப்புக் காற்றே, ஒரு கணம் ஓய்ந்து நில். களப்பு நீரே, உன் சலசலப்பை அடக்கு. பாலாவிச் சந்தியில் ஹோர்ன் அடித்து முந்தும் வாகனங்களே, ஓரங்கட்டி மரியாதை செய்யுங்கள். கனமூலைக் காவலர், தென்னந்தோப்புத் தலைவர், கஞ்சி முறுகிய வெண்சட்டையர், எடுத்த அடியைப் பின்வைத்தறியாதவர், சொன்ன சொல்லைத் திருத்தியறியாதவர், பிறர் சொல்லும் சொல்லை முடியும்வரை கேட்டறியாதவர், மாண்பமை ஜவ்பர் மரைக்கார் வருகிறார். அவருடைய வாப்பாவின் வாப்பா கொப்பரை வண்டி கட்டி ஆண்ட குலம் அது. அக்குலத்தில் ஒருவரும் வாடகை வாகனத்தில் போய் அடுத்தவர் வாசலில் இறங்கியதில்லை என்பது வரலாறு. அப்படி இறங்கியவர்களைப் பற்றிக் குடும்பத்தில் பேசுவதில்லை என்பது வழக்கம்.

இத்தகைய பெருமகனாருக்கு வாய்த்த வேனோ, ஜப்பான் தேசத்தில் பிறந்து, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் பேரறிவு பெற்று, எசமானர் பலரைக் கண்டு சலித்து, கடைசியாகக் கனமூலையில் கரையொதுங்கிய முதுபெரும் ஊர்தி. அதற்கு அண்மைக்காலமாக ஒரு நோய். வயிற்று ஒயில் சூடேறியதும் முன்னே போக மறுக்கும். பின்னே போவென்றால் மட்டும் மறுவீட்டு விருந்துக்குப் போகும் புதுமாப்பிள்ளையைப் போலத் துள்ளிக்கொண்டு போகும். பின்வாங்கல் என்பதையே அறியாத தலைவருக்குப் பின்வாங்க மட்டுமே தெரிந்த தேர்!

அந்நோய் முதன்முதலில் வெளிப்பட்ட இடம்தான் கொடிதினும் கொடிது. மரைக்காரின் மூத்த மகன் ஹில்மிக்குக் கல்பிட்டியில் பெண் பார்க்கப் போயிருந்தார்கள். பெண் மர்ஷூதாவைப் பிடித்தது. பெண்ணின் வாப்பா முஸம்மில் ஹாஜியார் வீட்டு வட்டிலப்பத்தையும் பிடித்தது. எல்லாம் பிடித்து, ஸலாம் சொல்லி, வேனேறி, மரைக்கார் கியரை இழுத்து மிதித்தபோது, எஞ்சின் அந்தக் குறுந்தெருவான ஒழுங்கை முழுதும் கேட்க ஓலமிட்டதேயன்றி வேன் ஒரு சாண்கூட முன்னே நகரவில்லை. ஈற்றில், அக்கம்பக்கத்தார் மதிலுக்கு மேலால் தலை நீட்டிப் பார்த்திருக்க, மரைக்கார் அந்த ஒழுங்கையின் நீளமெல்லாம் பின்பக்கமாகவே ஓடிப் பெருந்தெருவுக்கு வந்து, ஒயில் ஆறும்வரை ஒரு பூவரச மரத்தடியில் குந்தியிருந்து வீடு சேர்ந்தார்.

போகும்போது வாசலில் நின்ற முஸம்மில் ஹாஜியார் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"மரைக்கார், உங்கட வேனுக்கு எங்கட வீட்ட உட்டுப் போக மனசில்லபோல. மூஞ்சியத் திருப்பாமயே போகுதே!"

ஒழுங்கை சிரித்தது. மதில்கள் சிரித்தன. வேனுக்குள் பின்னிருக்கையில் மரைக்காரின் மனைவி கமறியாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியதை மரைக்கார் கண்ணாடியில் கண்டார். கண்டும் காணாதவராக இருந்தார். அவருடைய நெஞ்சில் அன்று ஒரு சபதம் முளைத்தது. அதே வேன். அதே ஒழுங்கை. அதே வாசல். முன்முகமாக.

சபதத்துக்கு நாளும் குறிக்கப்பட்டது. மாப்பிள்ளையின் உம்மா போய்ப் பெண்ணின் விரலில் மோதிரம் அணிவித்துச் சம்பந்தத்தை உறுதி செய்யும் நாளை இந்தக் கரையில் 'ரிங் போடுற நாள்' என்பார்கள். கியர்பொக்ஸைக் கழற்றி, தேய்ந்துபோன வளையங்களை எடுத்துப் புதியன மாட்டுவதையும் கராஜ்காரர்கள் 'ரிங் போடுற' என்றுதான் சொல்வார்கள். பாவம், ஒரு சொல், இரண்டு வேலை. இக்காவியத்தின் துயரமெல்லாம் அந்தச் சொல்லின் சம்பளக் குறைவால் விளைந்தது.

மணமகனாகப்போகும் ஹில்மி, அறிவுள்ள பிள்ளை என்று பெயரெடுத்தவன், அந்தப் பெயருக்கு ஏற்ப ஒரு யோசனை சொன்னான்.

"வாப்பா, அண்டைக்கி ஒரு நாளைக்கி மட்டும் ஹயருக்கு ஒரு வேன் எடுப்பமே."

மரைக்கார் மகனை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் கொப்பரை வண்டிகளும் அவற்றின் காளைகளும் வரிசையாக வந்து நின்று ஹில்மியைக் கண்டித்தன. அவன் அதன்பிறகு இக்கதையில் வாய் திறக்கவில்லை.

*

போர்க்களமாவது மதுரங்குளியில், புத்தளம் வீதியோரமாக, பழைய டயர்களாலும் புதிய வாக்குறுதிகளாலும் சூழப்பட்ட கராஜ். அதன் அதிபதி பாயிஸ், கமறியாவின் தம்பி, ஆகவே மரைக்காரின் மச்சான், ஆகவே பிறவிப் பகைவன். கட்டார் நாட்டில் சில காலம் வேலை பார்த்துவிட்டு வந்தவன். வந்தது முதல் "கட்டார்ல" என்று தொடங்காமல் அவனால் ஒரு தேத்தண்ணிகூடக் கேட்க முடிவதில்லை. கியர்பொக்ஸ் வேலைக்கென்று அவன் கண்டக்குழியிலிருந்து வரவழைத்திருந்தவன் அமல்ராஜ். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, படகு எஞ்சினில் கைபழகி, வேனுக்கு மாறியவன். சோறு வரும் நேரத்தைத் தவிர உலகில் வேறெந்த விடயத்திலும் அவனுக்குப் பிடிவாதம் கிடையாது.

ரிங் போடுற நாளுக்கு முந்திய நாள் காலை. மேசைமீது வேனின் கியர்பொக்ஸ், தோலுரித்த ஆட்டைப்போல உறுப்புறுப்பாகக் கிடந்தது. நடுவிலே ஒரு தண்டு. தண்டிலே வளையங்கள் அமரும் பள்ளங்கள். அத்தண்டின்மீது ட்ரம் எனப்படும் அலுமினியக் குடம் கவிழ்ந்து உட்காரும். தண்டின் வழியே பாய்ந்துவரும் ஒயில் தன் முழு வீரியத்தோடு குடத்துக்குள் புகுந்து, அங்குள்ள தட்டுகளை இறுக்கிப் பிடித்தால்தான் வேன் முன்னே போகும். இடையில் ஒயில் கசியாமல் காவல் காப்பவையே அந்த வளையங்கள். கோட்டைவாசல் காவலன் தூங்கினால் நாடு போம். ரிங் தேய்ந்தால் மரைக்காரின் மானம் போம்.

கொழும்பிலிருந்து வந்த உதிரிப்பாகப் பெட்டிக்குள்ளோ விதி இரண்டு பொட்டலங்களை வைத்திருந்தது. ஒன்றிலே இரும்பு வளையங்கள்: கருத்த மேனியர், விறைத்த உடலர், இரு முனைகளும் கொக்கியாய்க் கோத்த கையர். மற்றையதிலே டெப்லோன் வளையங்கள்: மென்மேனியர், முனையே இல்லாத முழு வட்டத்தர், விரலால் அழுத்தினால் நாணிக் குழைபவர்.

"எது போடட்டும்?" என்றான் அமல்ராஜ்.

ஆ, எத்தகைய கேள்வி! எத்தனை வீடுகளைப் பிரித்திருக்கக்கூடிய கேள்வி! பாயிஸ் வாய் திறக்குமுன்னே மரைக்கார் திறந்தார்.

"இரும்பு. இதெல்லாம் கேக்குற கதையா?"

"மச்சான், கட்டார்ல எல்லாத்துக்கும் டெப்லோன்தான்," என்றான் பாயிஸ்.

"டெப்லோனா? முட்டை பொரிக்கிற சட்டிக்குப் பூசுற சாமானா? அதயா என்ட வேனுக்குள்ள போடப் போறீங்க?"

"ட்ரம் அலுமினியம், மச்சான். இரும்பு போட்டா போகப் போக உள்ளுக்குக் கீறிப் பள்ளமாக்கிரும். டெப்லோன் தான் தேயும், ட்ரம்மத் தேய்க்காது. இந்தா பாருங்க, கழட்டின பழசும் டெப்லோன்தான்." இப்படிச் சொல்லிப் பாயிஸ், வேனுக்குள்ளிருந்து எடுத்த பழைய வளையங்களை, இறந்த மண்புழுக்களைப் போல நெளிந்து கிடந்தவற்றை, உள்ளங்கையில் ஏந்திக் காட்டினான். அது வெல்லமுடியாத வாதமென்று அவன் நினைத்தான். மரைக்காரை அவன் இன்னும் முழுதாக அறியவில்லை.

"அதாலதான் தோத்திச்சி!" என்றார் மரைக்கார்.

அமல்ராஜ், நடுவனாக நின்று இரு பக்கத்தையும் எடுத்துரைத்தான். இரும்பெனில் மாட்டுவது சுகம். ஆனால் அளவுக்கு மிஞ்சி விரித்தாலோ, கோணலாகத் தள்ளினாலோ சட்டென்று முறியும். டெப்லோனெனில் சுடுதண்ணீரில் போட்டு இளக்கி, இழுத்து மாட்டி, பிறகு ஓர் உறையைப் போட்டு அமுக்கி, அது பழைய அளவுக்குச் சுருங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

"சுடுதண்ணில குளிக்க வாத்து, துணி சுத்தி, படுக்கப் போட்டு…" என்றார் மரைக்கார். "இது என்ன ரிங்கா, பிள்ளப்பேறா?"

"எனக்கு எதெண்டாலும் சரி நானா," என்றான் அமல்ராஜ். "சோறு வாறதுக்குள்ள சண்டையை முடிச்சிட்டுச் சொல்லுங்க."

சண்டை முடியவில்லை. மூண்டது. இரும்புப் படைக்கு மரைக்கார், டெப்லோன் படைக்குப் பாயிஸ். மேசையின் இரு மருங்கிலும் நின்று அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சொல்லம்பு தொடுத்த ஆரவாரத்தில் எதிர்த்த கடையில் பாண் வாங்க வந்தவர்கள் பாணை மறந்தார்கள். வீதியோரம் மேய்ந்த கழுதைகள் தம் இனத்தார் குரலோவென்று காதை நிமிர்த்தின. வெஞ்சினம் தலைக்கேறிய மரைக்கார், வலக்கையை உயர்த்தி, பரம்பரை பரம்பரையாக அடித்துத் தழும்பேறிய அந்த மார்பிலே ஓங்கி ஓர் அடி அடித்தார்.

அந்த அடிதான் பேரடி. மார்புக்கும் கைக்கும் நடுவே சட்டைப்பையில் அவருடைய பழைய பொத்தான் போன் இருந்தது. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அழைப்பை ஏற்றுக்கொள்ளும் பண்பான போன். அதே கணத்தில் கல்பிட்டியிலிருந்து முஸம்மில் ஹாஜியார், நாளைக்கு எத்தனை பேருக்குச் சஹன் சாப்பாடு வைப்பதென்று கேட்க அழைத்துக்கொண்டிருந்தார். கராஜின் இரைச்சலில் மணியோசை ஒருவருக்கும் கேட்கவில்லை. போன் திறந்துகொண்டது. ஹாஜியார் ஸலாம் சொன்னார். பதிலாக அவருடைய காதில் விழுந்தவை இவை:

"நாளைக்கி போடுறதெண்டா இரும்பு ரிங்தான் போடுற! வேற கதையில்ல!"

"மச்சான், அந்த மெல்லிய எடத்துக்கு இரும்பு ஒத்துக்கொள்ளாது! காயப்படுத்திப் போடும்!"

"பட்டாப் படட்டும்! முஸம்மில் ஹாஜியார்ட வாசல்ல போய் நிக்கக்குள்ள தெரியும், இரும்பெண்டா என்னெண்டு!"

"கழட்டின பழைய ரிங்க என்ன செய்யுற நானா?"

"தூக்கி எறி! அது போட்ட நாளிலருந்து கொடுத்த கரைச்சல் போதும்!"

கல்பிட்டியில் ஹாஜியார் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். மறுபடி காதில் வைத்தார். பிறகு மெதுவாக அழைப்பை வெட்டினார். தன் செல்வ மகளின் விரலுக்கு இரும்பு மோதிரம்! அதுவும், மாப்பிள்ளை இதற்கு முன்பு வேறெங்கோ ரிங் போட்டுக் கழற்றியவன்! சம்பந்தத்தை அந்தக் கணமே போனில் வெட்டியிருக்கலாம். ஆனால் அவரும் மானக்காரர். போனில் வெட்டினால் யார் பார்ப்பார்கள்? வாசலில் வைத்து, நாலு பேர் முன்னால், முகத்துக்கு நேரே வெட்டுவதென்று முடிவு செய்தார்.

கராஜிலோ இரும்பு வென்றது. வேன் மரைக்காருடையது என்பதே போரைத் தீர்த்த பேராயுதம். அமல்ராஜ் இரும்பு வளையங்களைப் பள்ளங்களில் அமர்த்திக் கொக்கிகளைக் கோத்தான். ட்ரம்மை மேலே கவிழ்த்து மெல்ல ஆட்டி ஆட்டி இறக்க வேண்டிய தருணம். இத்தகைய தருணத்தைக் கூலியாளிடம் விடுவது குலத்துக்கு அடுக்குமா? மரைக்கார் சட்டைக் கையை மடித்தார். பிஸ்மில்லாஹ் சொன்னார். ஒரே மூச்சில் அழுத்தினார்.

*டிக்.*

மிகச் சிறிய ஓசை. எறும்பு ஒன்று கால் முறிந்தால் எழும் ஓசை. கராஜ் முழுவதும் அதைக் கேட்டது. பாயிஸ் கூரையைப் பார்த்தான். அமல்ராஜ் மரைக்காரைப் பார்த்தான்.

"நானா, ஏதோ சத்தம் கேட்டிச்சி?"

"கேக்கல்ல."

அவர் பொய் சொல்லவில்லை. கேட்பதில்லை என்று தீர்மானித்திருந்தார். அமல்ராஜ் தண்டின் துளையில் காற்றுக் குழாயை வைத்து அடித்துப் பார்த்தான். ரிங் சரியாயிருந்தால் உள்ளே தட்டுகள் 'டொக்' என்று உடனே இறுகும். இப்போதோ 'ஸ்ஸ்ஸ்…' என்று நீண்டதொரு பெருமூச்சு எழுந்து, அதன் கடைசியில், சம்மதமில்லாத மணப்பெண் தலையசைத்ததுபோல ஒரு 'டொக்' வந்தது.

"நானா, மூச்சு வாங்குது."

"எனக்கும்தான் மூச்சு வாங்குது. மூடு."

மூடினார்கள். சோறும் வந்தது. பாயிஸ் டெப்லோன் பொட்டலத்தை எடுத்து, அங்கே சோற்றுப் பெட்டியோடு வந்திருந்த தன் தாத்தா, அதாவது அக்கா, கமறியாவின் கையில் திணித்தான். "இத வெச்சிக்கோங்க தாத்தா. தேவப்படும்." அவள் ஒன்றும் கேட்காமல் கைப்பைக்குள் போட்டாள். மரைக்காரோடு குடித்தனம் நடத்தியவளுக்கு, தேவைப்படும் என்பதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

*

மறுநாள் பின்னேரம் படை புறப்பட்டது. முன்னிருக்கையில் சாரதியாகவும் தலைவராகவும் மரைக்கார். பின்னே கமறியா, குடும்பத்துப் பெண்கள், அவர்களது மடிகளில் தொதல், மஸ்கட் இனிப்புகளும் பழங்களும் பட்டுச்சேலையும் நிறைந்த தட்டங்கள். கடைசி இருக்கையில் பாயிஸ், ஒரு தட்டத்துக்கும் கதவுக்கும் இடையில். கண்டக்குழியில் இறங்கிக்கொள்வதாகச் சொல்லி அமல்ராஜும் தொற்றியிருந்தான்.

வேன் ஓடியது! முன்னே ஓடியது! ஒயில் குளிர்ந்திருந்தவரை அது ஓடிய ஓட்டத்தை என்னென்பது! மதுரங்குளியைத் துறந்து, பாலாவியில் கல்பிட்டிப் பாதைக்குத் திரும்பி, உப்பளப் பாத்திகள் வெயிலில் பளபளக்க, களப்புக் காற்று ஜன்னல்வழி புகுந்து முந்தானைகளை அலைக்க, மரைக்கார் கண்ணாடியில் பாயிஸின் முகத்தைத் தேடிப் பிடித்து,

"கேக்குதா மச்சான்? இரும்புட சத்தம்," என்றார்.

"கேக்குது மச்சான்," என்றான் பாயிஸ். "கொஞ்சம் சூடாகட்டும்."

நுரைச்சோலை அண்மித்தபோது சூடானது. எஞ்சினின் குரல் ஏறியது. வேனின் வேகம் இறங்கியது. மரைக்கார் மிதித்தார். எஞ்சின் கடல்போல் முழங்கியது. வேன் கடலோரம் உலாவும் சீமானைப்போல நடந்தது. தொலைவில் காற்றாலைகள் ஒரு சத்தமுமின்றிச் சுழன்று அதைவிடப் பயனுள்ள வேலை செய்துகொண்டிருந்தன. ஒரு முச்சக்கர வண்டி முந்தியது. மீன் பெட்டி கட்டிய சைக்கிள் முந்தியது. சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்து, பெண்களைக் கண்டு, இரக்கத்தோடு கையசைத்தார்.

"நான் இதில இறங்குறன் நானா," என்றான் அமல்ராஜ். "வீடு இந்தா கிட்டத்தான்."

அவனுடைய வீடு இன்னும் வெகு தூரம். இறங்கிய வேகத்தில் அவன் பற்றைகளுக்குள் மறைந்தான். மூழ்கும் படகை முன்கூட்டியே அறிவது மீனவர் குலத்தின் கல்வி.

இழுத்து, இரைந்து, நின்று, மூச்சாறி, மறுபடி இழுத்து, அஸர் தொழுகை கழிந்து வெயில் சாய்ந்த வேளையில் வேன் கல்பிட்டியை அடைந்து, ஹாஜியாரின் ஒழுங்கை வாயிலை ஒரு வேன் நீளம் தாண்டி, அங்கே முன்னேறும் ஆசையை முற்றாகத் துறந்தது. மரைக்கார் மிதித்தார். ஓலம். மிதித்தார். ஓலம். வேலியோரம் நின்ற கழுதையொன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த விடயமென்பதுபோல மேய்ச்சலுக்குத் திரும்பியது.

"இஞ்சப் பாருங்க, ஹில்மிட வாப்பா," என்றாள் கமறியா மிகவும் மெல்லிய குரலில். "இறங்கி நடப்பம். கொஞ்சத் தூரம்தானே."

நடப்பதா! தட்டங்களைத் தலையில் சுமந்து, வாகனமற்றோராய், அந்த வாசலுக்கு! மரைக்காரின் சபதத்தில் வேன் இருந்தது. ஒழுங்கை இருந்தது. வாசல் இருந்தது. முன்முகம் என்ற ஒரு சிறு பகுதி மட்டுமே எஞ்சியது. தலைவர் நெடுநேரம் சிந்தித்தார். பிறகு, எடுத்த அடியைப் பின்வைத்தறியாத அந்தக் கை, கியரைப் பின்பக்கத்துக்கு இழுத்தது.

வேன் துள்ளியது. என்ன உற்சாகம்! பிறந்த ஊருக்குப் போவதுபோல் அது பின்பக்கமாக ஒழுங்கைக்குள் பாய்ந்தது. பின்கண்ணாடியில் முதலில் ஹாஜியாரின் ஊருக்குக் காட்சி கொடுத்தவன் பாயிஸ். தட்டத்தைக் கட்டிப்பிடித்தபடி, கிட்டி வரும் வாசலை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு வந்தான். அதே மதில்கள். அதே தலைகள். அதே வாசல். வாசலில் முஸம்மில் ஹாஜியார், உறவினர் நாலைந்து பேர் சூழ, கைகளைப் பின்னே கட்டி, சிரிப்பற்ற முகத்தோடு நின்றார்.

மரைக்கார் இறங்கினார். சட்டையின் கஞ்சி வியர்வையில் கரைந்திருந்தது. முதுகெலும்பு மட்டும் விறைப்பாக இருந்தது. ஸலாம் சொன்னார். ஸலாத்துக்குப் பதில் வந்தது, சிரிப்பு வரவில்லை.

"போகக்குள்ள மூஞ்சியக் காட்டிக்கொண்டு போனீங்க. வரக்குள்ள முதுகக் காட்டிக்கொண்டு வாறீங்க," என்றார் ஹாஜியார். "பரவாயில்ல. எனக்குத் தெரிய வேண்டியது வேறொண்டு. உள்ளுக்கு வர முந்தி ரிங்கக் காட்டுங்க மரைக்கார்."

"ரிங்கா?"

"ரிங்தான். எங்கட புள்ளைக்கிப் போடக் கொண்டுவந்த ரிங். இந்த ஊரெல்லாம் பாக்கட்டும்."

கமறியா ஒன்றும் விளங்காமல், ஆனாலும் கேட்டதைக் கொடுக்கும் பழக்கத்தால், கைப்பையைத் திறந்து கையை விட்டாள். விரல்களில் முதலில் அகப்பட்டதை எடுத்து நீட்டினாள். அது சிறியதொரு கண்ணாடித்தாள் பொட்டலம். உள்ளே கருநிறத்தில், குழைவாக, டெப்லோன் வளையங்கள்.

ஒழுங்கை மூச்சை அடக்கியது. ஹாஜியார் பொட்டலத்தை வாங்கி, அமுக்கிப் பார்த்தார். அது நாணிக் குழைந்தது.

"நேத்து இரும்பு எண்டீங்க," என்றார். "போன்ல என்ட ரெண்டு காதாலயும் கேட்டன். மெல்லிய எடம் காயப்பட்டாலும் பரவாயில்ல, இரும்புதான் போடுற, என்ட வாசல்ல காட்டுறன் எண்டீங்க. இப்ப அதுவும் போய் ப்ளாஸ்டிக்கா? சரி, அந்தக் கழட்டின பழைய ரிங்? அது எந்த ஊருப் புள்ளைக்கிப் போட்டது? அதச் சொல்லுங்க முதல்ல!"

அந்தக் கணத்தில் மரைக்காருக்கு எல்லாம் விளங்கியது. மார்பிலடித்த அடி விளங்கியது. வீட்டுக்குள், ஜன்னல் திரைக்குப் பின்னால், மருதாணியிட்ட ஒரு கை திரையின் ஓரத்தை இறுகப் பிடித்திருப்பதும் அவர் கண்ணில் பட்டது. விளக்கம் சொல்ல ஒரேயொரு வழிதான் இருந்தது; அந்த வழி, வேனின் வயிற்றைத் திறந்து காட்டி, டெப்லோனைப் பழித்து இரும்பைத் திணித்தது யார், ட்ரம்மைத் தள்ளி முறித்தது யார், கேட்ட சத்தத்தைக் கேட்கவில்லை என்றது யார் என்பதை, இந்த மதில்களுக்கும் இந்தத் தலைகளுக்கும் முன்னால், பாயிஸ் கேட்டுக்கொண்டிருக்கச் சொல்வது. சொல்லாவிட்டால் மானம் முழுதாக மிஞ்சும். மகனுக்குப் பெண் மிஞ்சாது. கொப்பரை வண்டிக் குலத்தின் மூதாதையர் யாவரும் அவர் தோளுக்குப் பின்னே கூடி நின்று, வாயைத் திறக்காதே என்று உறுமினார்கள். பாயிஸ் போட்டது என்று சொல்லிவிடு என்றும் ஒருவர் மெதுவாகச் சொன்னார்.

மரைக்கார் திரும்பிப் பார்த்தார். வேனின் திறந்த கதவோரம் தட்டத்தோடு நின்ற பாயிஸ், பழி வருமென்று தெரிந்தவனாக, அதை ஏற்கத் தயாராகத் தலையைக் குனிந்திருந்தான். தாத்தாவின் குடும்பம், என்ன செய்வது என்பதுபோல.

"அந்த ரிங் வேனுக்கு, ஹாஜியார்," என்றார் மரைக்கார். "கியர்பொக்ஸுக்குப் போடுற ரிங். பழசு தேஞ்சி போச்சி, அதத்தான் கழட்டினது. மச்சான் டெப்லோன் போடுவம் எண்டாரு. நான்தான் கேக்கல்ல. இரும்பு போட்டன், போடக்குள்ள நானே முறிச்சன். அதாலதான் இப்பிடி வந்து நிக்கிறன். புள்ளைக்கிக் கொண்டுவந்தது தங்கம். கமறியா, எடுங்க."

கமறியா எடுத்தாள். சிவந்த பெட்டிக்குள் தங்கம் பளிச்சிட்டது. ஒழுங்கை தன் மூச்சை விட்டது. பாயிஸ் தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு எங்கோ பார்த்தான்; அவனுடைய வெற்றிக்காக அவன் நெடுங்காலம் சேர்த்துவைத்திருந்த சொற்களெல்லாம், கட்டார் உட்பட, தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டன.

முஸம்மில் ஹாஜியார் தங்கத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு, ஆர்வம் தாளாதவராக, கையிலிருந்த பொட்டலத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"வேனுக்கா? இதயா?" என்றார். "டெப்லோனெண்டா முட்டை பொரிக்கிற சட்டிக்குப் பூசுற சாமானில்லயா? அதயா கியர்பொக்ஸுக்குள்ள போடச் சொன்னாரு?"

மரைக்காரின் முகம் மலர்ந்தது. பிரிந்திருந்த உடன்பிறப்பைப் பெருநாள் தொழுகைக் கூட்டத்தில் கண்டவர்போல மலர்ந்தது.

"அதத்தானே ஹாஜியார் நானும் சொன்னன்!"

"இரும்பெண்டா இரும்புதான் மரைக்கார்."

"சொல்லுங்க ஹாஜியார், இவருக்குக் கேக்கச் சொல்லுங்க!"

ஹாஜியார் மரைக்காரின் கையைப் பிடித்தார். இரு பெருங்குடும்பங்களின் மானமும், இரு இரும்புத் தலைகளும், தோளோடு தோள் உரசி, உலகம் கெட்டுப்போன விதத்தையும் சாமான்கள் மென்மையாகிப்போன விதத்தையும் பேசியபடி, அந்த வாசலுக்குள் முன்முகமாகவே புகுந்தன. பின்னே தட்டங்கள் புகுந்தன. திரையோரத்துக் கை திரையை விட்டது. மர்ஷூதாவின் விரலில் கமறியா தங்கத்தை அணிவித்தபோது, எழுந்த குரவையொலி களப்பைக் கடந்து, உப்பளங்களைக் கடந்து, காற்றாலைகளின் சிறகுகளைத் தொட்டு, கடலின் மறுகரை நோக்கிப் பெருகிச் சென்றது. சஹனில் உட்கார்ந்த இரு சம்பந்தகாரரும் ஒரே தட்டில் கைவைத்து, இனிமேல் இந்தக் கரையில் பிறக்கும் எந்த வேனுக்கும் இரும்பல்லாத ரிங் கிடையாது என்று ஆணித்தரமாகப் பிரகடனம் செய்தார்கள்.

மறுநாள் டெப்லோன் ரிங் போட்டார்கள்.